ஓவியம் அதேதான், பெயர்தான் மாறியது

கேள்வி இதுதான்: “படைப்பு நன்றாக இருந்தால் அதைச் செய்தது ஆணா பெண்ணா என்பது எதற்கு? நல்லது தானாகத் தெரிந்துவிடாதா? கலையை மதிப்பிடுவதில் பாலினப் பாகுபாடு என்பது நிஜமா, இல்லை, பெண் கலைஞர்கள் குறைவாக இருந்ததற்கு இப்போது வைக்கிற பெயரா?”

நிஜம்தான். ஆனால் பலரும் தேடுகிற இடத்தில் அது அகப்படுவதில்லை. “பெண் வரைந்தது, ஆகவே மட்டம்” என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. அவர்களோடு வாதாடுவது சுலபம். சிக்கலான ஆள் வேறொருவர். நிறையப் பார்த்தவர், ரசனை உள்ளவர், மனமறிந்து யாருக்கும் அநியாயம் செய்யாதவர். அவரிடம் பாகுபாடு அடைமொழியாக வேலை செய்கிறது. ஒரே தூரிகை வீச்சு ஒரு பெயரின் கீழ் துணிச்சல் ஆகிறது, இன்னொரு பெயரின் கீழ் பதற்றம் ஆகிறது. ஒரே நிதானம் இங்கே கட்டுக்கோப்பு, அங்கே கூச்சம். கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறோம் என்று அவர் மனதார நம்புகிறார். அதனால் திருத்திக்கொள்ள அவருக்குக் காரணமும் கிடைப்பதில்லை.

ஒரு படத்தை வைத்தே பார்க்கலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 1801-ஆம் ஆண்டில் வரையப்பட்ட உருவப்படம் ஒன்று இருக்கிறது. வெள்ளை உடை அணிந்த இளம்பெண் ஒருத்தி ஜன்னலருகே உட்கார்ந்து, மடியில் வரைபலகையை வைத்துக்கொண்டு நம்மைப் பார்க்கிறாள். வெளிச்சம் அவளுக்குப் பின்னாலிருந்து வருகிறது. அதனால் முகம் பாதி நிழலில் இருக்கிறது. முடியின் ஓரத்திலும் உடையின் விளிம்பிலும் ஒளி கோடு போட்டு நிற்கிறது. ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்திருக்கிறது. அதையும் விடாமல் வரைந்திருக்கிறார் ஓவியர். வெளியே, தூரத்தில், ஓர் ஆணும் பெண்ணும் நிற்கிறார்கள். உருவப்படம் வரைகிறவர்கள் சாதாரணமாகத் தவிர்க்கிற எதிர்வெளிச்சத்தை இவர் வேண்டுமென்றே தேர்ந்திருக்கிறார். படத்தின் முன்னால் நின்றால் அந்தப் பெண் நம்மைத்தான் வரைகிறாளோ என்று தோன்றும்.

1917-இல் உயில் வழியாக இது அருங்காட்சியகத்துக்கு வந்தபோது, வரைந்தவர் ஜாக் லூயி டேவிட் என்று சொல்லப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தின் தலையாய ஓவியர் அவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இது டேவிட்டின் படமாகவே தொங்கியது, டேவிட்டின் படமாகவே கொண்டாடப்பட்டது. 1951-இல் சார்ல்ஸ் ஸ்டெர்லிங் என்ற கலை வரலாற்றாளர் அதை மறுத்தார். அவரிடம் உறுதியான ஆதாரம் இருந்தது. 1801-ஆம் ஆண்டின் பாரிஸ் சலோன் கண்காட்சியைக் காட்டும் ஒரு பழைய அச்சோவியத்தில் இந்தப் படம் சுவரில் இருக்கிறது. அந்த ஆண்டுக் கண்காட்சியில் டேவிட் பங்கெடுக்கவே இல்லை. எனவே படம் அவருடையதாக இருக்க முடியாது. கான்ஸ்டன்ஸ் ஷார்பான்டியே என்ற பெண் ஓவியர் வரைந்திருக்கலாம் என்றார் ஸ்டெர்லிங்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. இந்தப் படத்தின் கவித்துவம் ஓவியத்தைவிட இலக்கியத்தைச் சேர்ந்தது என்றும், அதன் வெளிப்படையான வசீகரமும், சாமர்த்தியமாக மறைக்கப்பட்ட பலவீனங்களும், ஆயிரம் நுட்பமான உபாயங்களால் கூட்டிச் சேர்த்த அதன் மொத்த அமைப்பும் பெண்மையின் மனத்தைக் காட்டுகின்றன என்றும் எழுதினார். அதற்கப்புறம் 1996-இல் மார்கரெட் ஓப்பன்ஹைமர் என்ற ஆய்வாளர் படத்தை மாரி-டெனிஸ் வில்லேர் என்ற இன்னொரு பெண்ணுக்கு உரியதென்று எடுத்துக்காட்டினார். இன்று அருங்காட்சியகம் போட்டிருப்பது அந்தப் பெயரைத்தான்.

ஸ்டெர்லிங் சொன்ன பலவீனங்கள் வெறும் கற்பனை என்று நான் சொல்ல வரவில்லை. உடற்கூறு வரைவில் குறை காணலாம். ஜன்னலுக்கும் உருவத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சரியாகப் பிடிபடவில்லை என்றும் ஒருவர் சொல்லலாம். நான் கேட்பது ஒன்றுதான்: 1917-க்கும் 1951-க்கும் நடுவில் அந்தப் பலவீனங்கள் எங்கே போயிருந்தன? சாயம் அன்றும் அதே சாயம். டேவிட்டின் பெயர் இருந்தவரை அவை யார் கண்ணையும் உறுத்தவில்லை. உறுத்தியிருந்தாலும் மேதையின் பரிசோதனை என்று போயிருக்கும். பெண் பெயர் வந்த நிமிடமே குறைகள் எல்லாம் ஒரே காரணத்தின் அறிகுறிகளாகிவிட்டன. இன்னொன்றையும் பாருங்கள். “டேவிட் இதை வரையவில்லை” என்பதை நிறுவ அந்த அச்சோவியம் ஒன்றே போதும். பெண்மையின் மனம் என்கிற வரி ஆதாரத்தில் எதையும் கூட்டவில்லை. முடிவு வந்த பிறகு கண்ணுக்குக் கிடைத்த சாட்சி அது.

எழுத்துலகில் இதே விஷயம் இன்னும் பச்சையாக நடந்திருக்கிறது. சார்லட் பிராண்டி 1847-இல் ‘ஜேன் ஐர்’ நாவலைக் கரர் பெல் என்ற, ஆணா பெண்ணா என்று பிடிகொடுக்காத புனைபெயரில் வெளியிட்டார். எழுதியவர் யார் என்று லண்டனே ஊகித்துக்கொண்டிருந்தது. ஒரு பத்திரிகையின் விமர்சகர், எழுதியது ஆண் என்றால் நாவல் பாராட்டுக்குரியது, பெண் என்றால் அருவருப்பானது என்று தீர்ப்புச் சொன்னதாகச் சார்லட்டே 1849-இல் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். உங்கள் முன்னால் நான் ஆணுமில்லை, பெண்ணுமில்லை, எழுத்தாளராக மட்டுமே வருகிறேன் என்று அந்த விமர்சகரிடம் சொல்ல விரும்புவதாகவும் அதே கடிதத்தில் எழுதினார். ஒரே புத்தகம், ஒரே வாசகர், ஒரே வாரம், இரண்டு தீர்ப்பு. பாகுபாட்டுக்கு இதைவிடச் சுத்தமான சோதனையை எந்த ஆய்வாளரும் வடிவமைக்க முடியாது.

எதிர்த்திசையிலும் ஒன்று. ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற பெயரில் அமெரிக்க அறிவியல் புனைகதைகள் வந்துகொண்டிருந்தன. ஆளை யாரும் நேரில் பார்த்ததில்லை. பெண்ணாக இருக்கலாம் என்று ஒரு வதந்தி கிளம்பியது. 1975-இல் அவருடைய தொகுப்புக்கு முன்னுரை எழுதிய ராபர்ட் சில்வர்பர்க், அந்த ஊகம் அபத்தமானது, இந்த எழுத்தில் மறுக்க முடியாத ஓர் ஆண்தன்மை இருக்கிறது என்று அடித்துச் சொன்னார். அடுத்த இரண்டு ஆண்டுக்குள் உண்மை வெளிவந்தது: டிப்ட்ரீ என்பவர் அறுபது வயதைத் தாண்டிய அலிஸ் ஷெல்டன் என்ற பெண்மணி. சில்வர்பர்க் தான் ஏமாந்ததைப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பவர்கள் முக்கியமான ஒன்றைக் கவனிப்பதில்லை. அவர் “ஆண்தன்மை” என்று எழுதியது புகழ்ச்சியாக. ஸ்டெர்லிங் “பெண்மை” என்று எழுதியது எல்லைக்கோடாக. இரண்டும் வெறும் வர்ணனை போலத்தான் ஒலிக்கின்றன. ஆனால் ஒன்று மதிப்பெண்ணைக் கூட்டுகிறது, மற்றது குறைக்கிறது.

“ஆனால் சிலரால் சரியாகக் கண்டுபிடிக்க முடிகிறதே” என்பார்கள். முடிகிறது. ஜார்ஜ் எலியட் என்ற ஆண் பெயரில் மேரி ஆன் எவன்ஸ் என்ற பெண் வெளியிட்ட முதல் கதைத்தொகுப்பைப் படித்த நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ், இதை எழுதியவர் ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று 1858 ஜனவரியில் அந்த எழுத்தாளருக்கே கடிதம் போட்டார். அபார ஊகம்தான். ஆனால் அதே புத்தகத்தைப் படித்த வேறு பலர் யாரோ ஒரு பாதிரியார் எழுதியது என்று நினைத்தார்கள். எலியட்டின் சொந்த ஊர்ப்பக்கத்தில் ஜோசப் லிகின்ஸ் என்ற மனிதர்தான் அந்த எழுத்தாளர் என்று ஒரு கூட்டமே நம்பியது. லிகின்ஸும் அதை மறுக்க அவசரப்படவில்லை. பலித்த ஊகம் வரலாற்றில் நிற்கிறது, பலிக்காதவை மறந்துபோகின்றன.

ஆக, பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியுமா என்பதை முறையாகச் சோதிக்க வேண்டும். சோதித்திருக்கிறார்கள். ரெனே ஆடம்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஓவிய ஏலங்களைப் பற்றிச் செய்த ஆய்வில், ஓவியங்களைக் காட்டி வரைந்தவர் ஆணா பெண்ணா என்று கேட்டபோது மக்களால் ஊகிக்க முடியவில்லை. பூவா தலையா போட்டுப் பார்ப்பதற்கும் அவர்கள் சொன்னதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அடுத்ததாக, கணினியே உருவாக்கிய ஓவியங்களுக்கு ஆண் பெயரையும் பெண் பெயரையும் கண்டபடி ஒட்டிக் காட்டினார்கள். வசதியுள்ளவர்கள், கலைக்கூடங்களுக்குப் போய்வருகிறவர்கள், அதாவது ஓவியம் வாங்கக்கூடியவர்கள், பெண் பெயர் ஒட்டிய படங்களுக்குக் குறைவாக மதிப்பிட்டார்கள். கலையோடு பழக்கம் இல்லாதவர்களிடம் அல்ல, பழகியவர்களிடம் சாய்வு தெரிந்தது என்பது எனக்கு அந்த ஆய்வின் மிக முக்கியமான வரி. பழக்கம் கண்ணை மட்டும் வளர்ப்பதில்லை, எதிர்பார்ப்பையும் வளர்க்கிறது.

மதிப்பிடுகிறவர் பெண்ணாக இருந்தால் இது சரியாகிவிடும் என்பதும் நடக்கவில்லை. 1971-இல் கெயில் ஃபெட்டர்சன், சாரா கீஸ்லர், ஃபிலிப் கோல்ட்பர்க் மூவரும் சேர்ந்து ஒரு சோதனை நடத்தினார்கள். எல்லோரும் இதைக் கொஞ்சம் நிதானமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கல்லூரி மாணவிகளுக்கு ஓவியங்களைக் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். ஒரே ஓவியம் சிலருக்கு ஆண் பெயரோடும் சிலருக்குப் பெண் பெயரோடும் போனது. அது மட்டுமில்லை. சிலரிடம் இது போட்டிக்கு வந்திருக்கும் படம் என்றார்கள், சிலரிடம் இது போட்டியில் பரிசு வாங்கிய படம் என்றார்கள். போட்டிக்கு வந்த படம் என்று சொன்னபோது ஆண் பெயருள்ள ஓவியருக்குக் கூடுதல் மதிப்பு கிடைத்தது. பரிசு வாங்கிய படம் என்று சொன்னபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது.

இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். நமக்கு முன்னால் வேறொருவர் முத்திரை குத்திவிட்டால், பெயரை வைத்து ஊகிக்க வேண்டிய தேவை போய்விடுகிறது. முத்திரை இல்லாத இடத்தில்தான், இது நல்லதா சுமாரா என்று மனம் தடுமாறுகிற அந்த இடைவெளியில்தான், பெயர் ஒரு துப்பாக உள்ளே நுழைகிறது. நூறு மீட்டர் ஓட்டத்தில் அந்த இடைவெளி இல்லை, கடிகாரம் இருக்கிறது. கலையில் கடிகாரம் இல்லை. புதிய கலைஞரின் முதல் படைப்பு முழுக்க முழுக்க அந்த இடைவெளியில்தான் கிடக்கிறது. யாருக்கு உதவி அதிகம் தேவையோ அவரிடம்தான் பாகுபாடு அதிகம் வேலை செய்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். பெயரை மட்டும் மாற்றி எழுத்துகளை மதிப்பிடச் சொல்லும் இந்த வகைச் சோதனையைக் கோல்ட்பர்க் 1968-இலேயே தொடங்கிவைத்தார். அதன் பிறகு வந்த பல சோதனைகளை 1989-இல் மொத்தமாகத் தொகுத்துப் பார்த்தபோது சராசரி விளைவு மிகச் சிறியதாகவே இருந்தது. ஆகவே எல்லா மதிப்பீட்டிலும், எல்லா இடத்திலும், பெண் பெயர் ஒரே அளவுக்குத் தள்ளுபடி வாங்குகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சூழலைப் பொறுத்து அது பெரிதாகவும் இருக்கும், இல்லாமலும் போகும். பெண் பெயர் உதவுகிற இடங்கள்கூட உண்டு. கார்மென் மோலா என்ற பெயரில் ஸ்பெயினில் விற்றுத்தீர்ந்த திகில் நாவல்களை எழுதியது மூன்று ஆண்கள் என்பது 2021-இல் அவர்கள் ஒரு பெரிய பரிசை வாங்க மேடையேறியபோதுதான் தெரிந்தது. நம் சுஜாதா மனைவியின் பெயரில் எழுதியதால் எதையும் இழக்கவில்லை. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஓர் ஆண் பெண்ணின் பெயரை வைத்துக்கொண்டால் அது ஒரு சுவையான தகவலாக நின்றுவிடுகிறது. ஒரு பெண் ஆணின் பெயரை வைத்துக்கொண்டது பெரும்பாலும் உள்ளே நுழைவதற்காக.

இசைக்கு வருவோம், ஏனென்றால் அங்கே திரையைப் போட்டுச் சோதிக்க முடிந்தது. 1980-இல் மியூனிக் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு, டிராம்போன் என்ற ஊதுகருவியின் முதல் கலைஞர் இடத்துக்கு ஆள் தேடியது. ஏபி கோனன்ட் என்ற அமெரிக்கருக்கு வந்த அழைப்புக் கடிதத்தில் ‘திருவாளர்’ என்று போட்டிருந்தது. பெயரை வைத்து ஆண் என்று நினைத்துவிட்டார்கள். தேர்வு திரைக்குப் பின்னால் நடந்தது. அவர் வாசித்தார், தேர்வுக்குழு அவரையே எடுத்தது. திரை விலகியதும் ஒரு பெண் நின்றார். இரண்டு ஆண்டில், குழுவின் இசை நடத்துநர் செர்ஜியு செலிபிடாகே அவரை இரண்டாம் இடத்துக்கு இறக்கினார். முதல் டிராம்போனுக்கு ஓர் ஆண் வேண்டும் என்பதுதான் நடத்துநர் சொன்ன காரணம். கோனன்ட் வழக்குப் போட்டார். மூச்சு வலிமை போதுமா என்று அவருக்கு மருத்துவச் சோதனைகூட நடந்தது. வழக்குகள் 1993 வரை இழுத்தன, அவர் வென்றார். திரைக்குப் பின்னால் கேட்ட அதே மூச்சுதான், திரை விலகியபின் போதாமல் போனது. வியன்னா ஃபில்ஹார்மோனிக் ஒரு பெண்ணை முறையான உறுப்பினராகச் சேர்த்தது 1997-இல்தான் என்பதையும் இதோடு வைத்துப் பாருங்கள்.

திரைபோட்ட தேர்வுகள் பெண்களின் வாய்ப்பை உயர்த்தின என்று கிளாடியா கோல்டினும் செசிலியா ரௌஸும் 2000-இல் எழுதிய ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் உள்ள ஒரு பெரிய சதவிகிதம் ஊர் ஊராகச் சுற்றுகிறது. நான் அதைச் சொல்ல மாட்டேன். மாதிரி சிறியது, பிழை எல்லை பெரியது, ஒரு சுற்றில் முடிவு எதிர்த்திசையிலும் போனது. ஆய்வாளர்களே அதை எழுதியிருக்கிறார்கள். திரை நல்ல யோசனை என்பதற்கு எனக்கு அந்த எண் தேவையில்லை. கோனன்ட்டின் கதை திரையின் பலம், பலவீனம் இரண்டையும் காட்டிவிடுகிறது. திரை ஒரு நாள் தீர்ப்பைத்தான் காக்கும். மறுநாள் காலையிலிருந்து நடக்கிற ஆயிரம் தீர்ப்புகளுக்குத் திரை கிடையாது.

இனிப் பணம். 49 நாடுகளில் நடந்த சுமார் 19 லட்சம் ஏல விற்பனைகளை முன்னே சொன்ன ஆடம்ஸ் குழுவினர் அலசினார்கள். பெண்கள் வரைந்த ஓவியங்கள் சராசரியாக 42 சதவிகிதம் குறைந்த விலைக்குப் போயிருந்தன. ஆண் பெண் சமத்துவமின்மை கூடுதலாக இருக்கும் நாடுகளில் இந்த இடைவெளியும் கூடியது. காலப்போக்கில் இடைவெளி குறைந்துவருகிறது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. சிகரத்தில் நிலைமை எப்படி என்று பார்க்க இரண்டு எண் போதும். அமெரிக்கப் பெண் ஓவியர் ஜார்ஜியா ஓகீஃபின் வெள்ளைப் பூ ஓவியம் ஒன்று 2014-இல் 4.44 கோடி டாலருக்குப் போனபோது, ஏலத்தில் ஒரு பெண்ணின் படைப்பு அதுவரை தொட்ட உச்சம் அது. மூன்று ஆண்டு கழித்து லியோனார்டோ டா வின்சி வரைந்ததாகச் சொல்லப்படும், வரைந்தது அவர்தானா என்று நிபுணர்கள் இன்னும் சண்டை போடுகிற ஒரு படம் 45 கோடி டாலருக்குப் போனது.

விலையைத் தரத்துக்கான தீர்ப்பாக எடுத்துக்கொண்டால் நாம் குழம்பிப்போவோம். ஏலத்தில் கை தூக்குகிறவர் “எனக்கு இது எவ்வளவு பிடிக்கிறது” என்று மட்டும் கேட்டுக்கொள்வதில்லை. “நாளை இதை இன்னொருவர் எவ்வளவுக்கு வாங்குவார்” என்றும் கேட்டுக்கொள்கிறார். பெண்களின் ஓவியம் குறைந்த விலைக்குத்தான் போகும் என்று மற்றவர்கள் நினைப்பதாக அவர் நினைத்தாலே போதும், கையை இறக்கிவிடுவார். அவர் மனதில் துளி வெறுப்பும் இருக்க வேண்டியதில்லை. அறையில் இருக்கும் நூறு பேருமே நியாயமானவர்களாக இருந்து, அந்த நூறு பேரின் விலையும் நியாயமற்றதாக இருக்க முடியும்.

இதன் பழைய உதாரணம் யூடித் லேய்ஸ்டர். 17-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் ஹார்லெம் நகர ஓவியர் சங்கத்தில் முழு உறுப்பினராக இருந்தவர். வாழ்ந்த காலத்தில் பெயரெடுத்தவர். இறந்தபின் அவர் பெயர் மறைந்து, படங்கள் மற்றவர்களுடைய கணக்கில், குறிப்பாக அதே ஊரின் புகழ்பெற்ற ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் கணக்கில் ஏறின. இன்று லூவ்ரில் இருக்கும் அவருடைய படம் ஒன்று ஹால்ஸின் படமாகவே 19-ஆம் நூற்றாண்டில் கைமாறியது. பெயரெழுத்துகளோடு ஒரு நட்சத்திரம் சேர்ந்த அவருடைய முத்திரை படத்தில் கண்டுபிடிக்கப்பட்டதும் லண்டனில் வழக்கு வந்தது. எதற்கு? ஹால்ஸின் படம் என்று விலை கொடுத்தோம், அது ஹால்ஸுடையது இல்லையென்றால் பணத்தைக் குறை என்று. ஹால்ஸ் என்று நிபுணர்களையே நம்பவைத்த இன்னொரு கை இருந்திருக்கிறது என்ற சேதி அந்த வழக்கில் நல்ல சேதியாகவே படவில்லை.

விலை குறைவதைவிட என்னை அதிகம் உறுத்துவது வாசிப்பு குறுகுவது. ஓகீஃப் பூக்களைப் பெரிதாக வரைந்தார். விமர்சகர்கள் அவற்றில் பெண் உடலைக் கண்டார்கள். நீங்கள் பூக்களைப் பற்றி நினைப்பதையெல்லாம் என் பூக்களின் மேல் மாட்டிவிட்டு, நானும் அதையே நினைக்கிறேன் என்பதுபோல் எழுதுகிறீர்கள் என்று 1939-இல் அவர் எழுதினார். அவர் எத்தனை முறை மறுத்தும் அந்த வாசிப்பு இன்றுவரை போகவில்லை. 17-ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பெண் ஓவியர் ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கி, பழைய யூதக் கதையின் நாயகி யூதித்து எதிரித் தளபதி ஹோலோஃபெர்னஸின் கழுத்தை அறுப்பதை வரைந்தார்; அந்தக் காட்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக முதல் பத்தியிலேயே, அவர் பாதிக்கப்பட்ட 1612-ஆம் ஆண்டின் பாலியல் வன்முறை வழக்குக்குப் போய்விடுகிறார்கள். இரத்தம் எந்தக் கோணத்தில் பீறிடுகிறது, யூதித்து கையை நீட்டி உடம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதில் எவ்வளவு வலு தெரிகிறது, பணிப்பெண்ணை வெறுமனே நிற்கவிடாமல் ஆளை அமுக்கிப்பிடிக்க வைத்தது எவ்வளவு புதிய தீர்மானம் என்பதெல்லாம் பிறகுதான், வந்தால். அதே காலத்து இத்தாலிய ஓவியர் கரவாஜியோவும் 1606-இல் ஒரு ஆளைக் கொன்றவர். அவர் வாழ்க்கையையும் விமர்சகர்கள் விடுவதில்லை. ஆனால் அவருடைய வன்முறை மேதைமையின் நெருப்பாக எழுதப்படுகிறது, ஆர்ட்டெமிசியாவின் படம் காயத்தின் வாக்குமூலமாக எழுதப்படுகிறது. நெருப்புக்குக் கலைத்திறன் இருக்கிறது. காயத்துக்கு அது தேவைப்படுவதாக யாரும் நினைப்பதில்லை.

கேள்வியின் இன்னொரு பாதி, பெண் கலைஞர்களே குறைவாகத்தானே இருந்தார்கள் என்பது. குறைவுதான். அதற்கான காரணத்தை 1971-இல் கலை வரலாற்றாளர் லிண்டா நாக்லின் விரித்து எழுதிவிட்டார். நான் ஒரு படத்தை மட்டும் காட்டுகிறேன். ஓவியர்களின் அமைப்பான லண்டன் ராயல் அகாடமி 1768-இல் தொடங்கியபோது இரண்டு பெண்கள் நிறுவன உறுப்பினர்கள்: ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர். சில ஆண்டுகளில் யோஹான் ஸோஃபனி அகாடமியினர் எல்லோரும் ஒரே அறையில் கூடியிருப்பதாக ஒரு குழு ஓவியம் வரைந்தார். அறையில் ஆடையில்லாத ஆண் மாடல் உட்கார்ந்திருக்கிறார். அந்த அறையில் பெண்கள் இருக்கக் கூடாது என்பதால், ஆண்கள் எல்லோரும் நின்று பேசிக்கொண்டிருக்க, காஃப்மனும் மோசரும் சுவரில் மாட்டிய இரண்டு உருவப்படங்களாக மட்டும் இருக்கிறார்கள். அடுத்து ஒரு பெண்ணை முழு உறுப்பினராக அகாடமி தேர்ந்தெடுத்தது 1936-இல், லாரா நைட். அதே லாரா நைட் 1913-இல், ஆடையில்லாத பெண் மாடலைத் தான் வரைந்துகொண்டிருப்பதாக ஒரு சுயஓவியம் தீட்டியபோது அகாடமி அதை ஏற்கவில்லை, ஒரு நாளிதழ் விமர்சகர் கொச்சை என்றார். ஆடையில்லாத பெண்ணை ஓவியத்தில் அந்த விமர்சகர் முதல்முறையாகப் பார்த்திருப்பார் என்று தோன்றவில்லை.

மனித உடலை வரையப் பயிற்சி இல்லையென்றால் வரலாற்று, புராணக் காட்சிகளை வரைய முடியாது. அவைதான் உயர்ந்த வகை என்று அகாடமிகள் வைத்திருந்தன. பூவும் பழமும் கடைசிப் படி. முதலில் கதவைச் சாத்தி, அப்புறம் வாசலில் நின்றவர்களைப் பார்த்து வாசல் ரகம் என்றார்கள். நெசவுக்கும் இதேதான். 1919-இல் ஜெர்மனியில் தொடங்கிய பௌஹவுஸ் என்ற கலைப்பள்ளி பெண்களைப் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்கே அனுப்பியது. அங்கே வேண்டாவெறுப்பாக நுழைந்த ஆன்னி ஆல்பர்ஸ் நூலிலிருந்து செய்தவற்றைப் பார்த்தால், அந்தப் பிரிவினை எவ்வளவு அசட்டுத்தனம் என்று தெரியும். பாடப்புத்தகங்களைக் கேட்கவே வேண்டாம். தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் படித்த ஜான்சனின் கலை வரலாறு 1962-இல் முதலில் வந்தபோது அதில் ஒரு பெண் ஓவியர்கூட இல்லை.

சரி, அப்படியானால் எல்லாவற்றிலிருந்தும் பெயரை எடுத்துவிடலாமா? அதுவும் சரிவராது. வரைந்தவர் யார், எந்தக் காலத்தவர், எதை மீறி வரைந்தார் என்று தெரிவது படத்தைத் திறந்துவிடுகிறது. லாரா நைட்டின் ஓவியத்தைப் பெண் வரைந்தது என்று தெரியாமல் பார்த்தால் அதில் பாதியை இழப்போம். யார் என்று தெரிந்துகொண்டு கூடுதலாகப் பார்ப்பது வேறு, தெரிந்துகொண்டு மதிப்பெண்ணைத் திருத்துவது வேறு. முதலாவது ரசனை, இரண்டாவது சோம்பல்.

பெண்களுக்கு மட்டும் தனிப்பரிசு தேவையா என்ற சண்டையையும் இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 1991-இல், ஆங்கில நாவல்களுக்கான புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை. அந்தக் கோபத்தில் தொடங்கிய பேச்சு, 1996-இல் ஆங்கிலத்தில் எழுதும் பெண்களின் நாவலுக்கான தனிப்பரிசாக முடிந்தது. புக்கர் வாங்கிய ஏ. எஸ். பயட்டே அதைப் பாரபட்சமான பரிசு என்று சொல்லி, தன் நாவலை அதற்கு அனுப்பக் கூடாது என்று பதிப்பாளரிடம் கூறிவிட்டார். அவர் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் 1971-ஆம் ஆண்டுச் சோதனையை நினைவில் வைத்துக்கொண்டால் நான் பரிசின் பக்கம்தான் நிற்பேன். முத்திரை விழுந்த படத்தின் முன்னால் பெயர் செல்லாக்காசாகிறது. அந்த முதல் முத்திரையை யாராவது குத்தித்தான் ஆக வேண்டும். அதோடு எல்லாப் போட்டிகளும் இலவசமாகச் செய்யக்கூடிய ஒன்று உண்டு: முதல் சுற்றில் பெயரை மறைத்துவிட்டு நடுவர்கள் குறிப்பு எழுதட்டும், கடைசிச் சுற்றில் பெயரைத் திறக்கட்டும், முதலில் எழுதிய குறிப்பைக் கிழிக்காமல் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளட்டும். இரண்டு குறிப்புகளிலும் அடைமொழி எங்கே மாறியிருக்கிறது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.